எந்தக் காலத்து ராப்பு ஒசத்தி?

...பால் கெட்டுப் போச்சு தம்பி, பால்! நேத்து வாங்கின பால். ஏன் கெட்டுச்சு? ஃப்ரிட்ஜ ஆஃப் பண்ணிட்டாங்க. ஏன் ஆஃப் பண்ணாங்க? 'ங்ங்ங்'னு அது போடற சத்தம் ரெக்கார்டிங்ல விழுதாம். ரெக்கார்டிங்கு! என் சமையல்கட்டுல! ரெண்டு பேரும் சேந்துக்கிட்டு... கண்ணாடி பாருங்க. கண்ணாடி பாக்காம வண்டிய எடுக்கறீங்களே, பின்னாடி வேன் வருது. போகட்டும், போகட்டும்... ம், இப்ப எடுங்க. க்ளட்ச மெதுவா விடுங்கன்னா, என்ன, தேள் கொட்டின மாதிரி கால எடுக்கறீங்க? ஆங்... அப்படி. நேராவே போங்க.

எங்க விட்டேன்? ஆங், பாலு.

இல்ல, நீங்களே சொல்லுங்க. நான் காலைலேந்து சாயங்காலம் வரைக்கும் இந்த சீட்டுல உக்காந்து, உங்கள மாதிரி ஆளுங்க கையில உசுர ஒப்படைச்சிட்டு சம்பாதிக்கறேன். தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க பரவால்ல. உங்களுக்கு முன்னாடி ஒருத்தர் வந்தாரு, பிரேக்குன்னா ஆக்சிலேட்டர மிதிப்பாரு. நல்லவேளை, என் பக்கமும் ஒரு பிரேக்கு இருக்கு. வீட்டுக்குப் போனா அதுவும் இல்ல! அதான் எனக்குப் பிரச்சனையே.

எங்க வீட்டுக்காரரு ஏசி மெக்கானிக்கு. நாப்பத்தஞ்சு வயசாச்சு. முடி போயிருச்சு, தொப்பி போகல. அந்தத் தொப்பி இருவது வயசுல வாங்கினது. அப்ப ராப்புப் பாடினவரு. மேடையில அவரு பேரு என்ன தெரியுமா? எரிமலை! அவரே வச்சிக்கிட்டாரு. இப்ப எரியறது நெஞ்சு மட்டுந்தான், சாப்பாட்டுக்கு முன்னாடி ஒரு மாத்திரை போடறாரு.

சிரிக்காதீங்க, ஸ்டியரிங் ஆடுது.

இன்னொருத்தன் என் கூடப்பொறந்தவன். வீட்டுல பொடியன்னு கூப்பிடுவோம். முப்பது தாண்டின பொடியன். கூரியர் கம்பெனில வேலை. அவனும் ராப்பு. ஆனா அவன் இந்தக் காலத்து ராப்பு. கட்டில்ல படுத்துக்கிட்டே ஃபோன்ல பாட்டுப் போடுவான். புரட்சிப் பாட்டு தம்பி! எழுந்திரு, கிளம்பு, உடைச்செறின்னு பாடுவான்... போத்திக்கிட்டு.

இந்த ரெண்டு பேருக்கும் ஞாயித்துக்கெழமை ஆனா ஒரே சண்டை. சொத்துச் சண்டையா? இல்ல. எந்தக் காலத்துத் தமிழ் ராப்பு ஒசத்தின்னு சண்டை! நான் பரிமாறிக்கிட்டே இருப்பேன். இவரு ஆரம்பிப்பாரு: "மைக்குக்கு சாக்ஸ மாட்டிப் பாடினோம் மச்சான். எச்சி தெறிக்காம இருக்க அதான் வழி. கம்ப்யூட்டர் நடுவுல நின்னுரும், முதல்லேந்து பாடணும். மூச்சுப் புடிச்சுப் பாடின காலம்டா அது!" அவன் சொல்லுவான்: "மாமா, உங்க பாட்டுல பாதி இங்கிலீஷு. மீதி இருமல். நாங்க வந்தப்புறந்தான் வீட்டுல பேசற தமிழு பாட்டுக்குள்ள வந்துச்சு." இவரு: "உங்க பாட்ட மெஷினு பாடுது, நீ வாயசைக்கற. ஒவ்வொரு வரியா பாடி ஒட்டவைக்கறது பாட்டா? பஞ்சர் கடையா?"

இண்டிகேட்டர் போடுங்க. திரும்பறதுக்கு முன்னாடி போடணும், திரும்பினப்புறம் போட்டு யாருக்குச் சொல்றீங்க, பின்னாடி வரவனுக்கு நன்றி சொல்றீங்களா?

நான் ஒண்ணு சொல்லட்டுமா? ரெண்டு பேரு சொல்றதுலயும் நெசம் இருக்கு. இவரு காலத்துல நெஜமாவே மூச்சு இருந்துச்சு, ஆனா பாதிப் பேரு எங்கேயோ கேட்ட பாட்டுக்குத் தமிழ்ல சட்டை போட்டு விட்டாங்க. 'யோ யோ'ன்னு ஆரம்பிக்காம ஒரு பாட்டு கிடையாது. யாரக் கூப்பிடறாங்கன்னே தெரியாது. இவன் காலத்துல தமிழு நல்லாருக்கு, எதுகை மோனையெல்லாம் துள்ளுது, ஆனா பதினஞ்சு செகண்டுல பாட்டு முடிஞ்சு போகுது. இருமல் வந்தா கூட அத விட நீளமா வரும். அப்புறம் ரெண்டு காலத்துக்கும் பொதுவா ஒண்ணு உண்டு. போஸ்டரு! எந்தக் காலத்துப் போஸ்டர வேணா எடுத்துப் பாருங்க, கையக் கட்டிக்கிட்டு, மொகத்த இறுக்கிக்கிட்டு வரிசையா ஆம்பளைங்க நிப்பாங்க. ரெண்டு நாளா வெளிக்குப் போகாதவங்க மாதிரியே!

ஒருநாள் பேச்சு முத்திப் போச்சு. இவரு என்ன சொன்னாரோ... "உன் பாட்டக் கேக்கறது அலாரம் அடிக்கற மாதிரி, எப்படா அமுக்கலாம்னு இருக்கு"ன்னாரு. அவ்வளவுதான். பொடியன் சாப்பிட்ட தட்டுல கையக் கழுவிட்டு எழுந்தான். "இனிமே இந்த வீட்டுப் படி ஏற மாட்டேன்கா"ன்னான். நானும் கோவத்துல பேசறான், அடுத்த வாரம் பசிச்சா வருவான்னு இருந்தேன். வரல. மாசக்கணக்கா வரல. ஃபோன் பண்ணா "பிசியா இருக்கேன்கா." எங்களுக்கு அப்பா அம்மா இல்ல தம்பி. எனக்குன்னு இருக்கறது அவன் ஒருத்தன். இவரு ஒரு ஃபோன் கூடப் பண்ணல. ஞாயித்துக்கெழமை தனியா உக்காந்து சாப்பிடுவாரு, சண்டை போட ஆளில்லாம சோறு எறங்காது, வெறிக்க வெறிக்கப் பாப்பாரு. வீம்பு! நல்லா வேணும்னு நானும் கொழம்பு கூட ஒரு கரண்டி கொறைச்சே ஊத்தினேன்.

நிறுத்துங்க நிறுத்துங்க. அந்தம்மா ரோட்டக் கடக்கறாங்க. அவங்க கையக் காட்டினா நீங்களும் கையக் காட்டாதீங்க, ஸ்டியரிங்கப் புடிங்க. ம். போயிட்டாங்க. ஃபர்ஸ்ட் கியர். அது மூணாவது. ஃபர்ஸ்ட்டு... ஃபர்ஸ்ட்டு... ஆங்.

அப்புறம் போன மாசம் நூலகத்துக்குப் பக்கத்து ஹால்ல ஒரு பட்டிமன்றம் வச்சாங்க. என்ன தலைப்புங்கறீங்க? 'தமிழ் ராப்பின் பொற்காலம் அன்றா, இன்றா?' அன்று அணிக்கு எங்க வீட்டுக்காரரு தலைவரு! இன்று அணிக்குப் பொடியன்! ரெண்டு பேருக்கும் எதிராளி யாருன்னு கடைசி நேரம் வரைக்கும் தெரியாது. மேடை ஏறினப்புறந்தான் மூஞ்சிய மூஞ்சி பாத்தாங்க. பாக்கணும் நீங்க, எறங்கவும் முடியாம, சிரிக்கவும் முடியாம...

நடுவரு ஒரு பெரியவரு, வரி ஆபீஸ்ல வேலை பாத்து ரிட்டையர் ஆனவரு. கூட்டுக் குடும்பமா தனிக் குடும்பமான்னே காலம் பூரா தீர்ப்பு சொன்ன மனுஷன். ராப்பே கேட்டதில்ல. ஹிப்ஹாப்ப 'இப்பப்பா'ன்னு சொல்றாரு. "இப்பப்பா இசையானது வேகமாக வாசிக்கப்படும் வசனமாகும்"ன்னு ஆரம்பிச்சாரு பாருங்க, பொடியன் தலையிலயே கைய வச்சிக்கிட்டான்.

சரி, பேசட்டும்னு நான் பின்னாடி வரிசையில உக்காந்திருக்கேன். வேலை முடிச்சு நேராப் போனேன், முதுகுல 'ஓட்டுநர் பயிற்சி'ன்னு எழுதின இதே சட்டை. எங்க வீட்டுக்காரரு எழுந்தாரு. தொப்பியச் சரி பண்ணாரு. அந்தக் காலத்துல மூணு பேரா பாடினோம், வறுமையில பாடினோம், அப்படி இப்படின்னு. "எங்கள் காலத்தின் வீரியத்துக்கு ஒரு சான்று"ன்னு சொல்லிட்டு ஒரு பழைய பாட்டப் போட்டாரு.

ஒரு பொண்ணோட கொரலு தம்பி. நாலே வரி.

அடிச்சு நொறுக்குது அந்தக் கொரலு! ஹால்ல இருந்தவங்க நிமிந்து உக்காந்தாங்க. யாரு இதுன்னு ஒருத்தர ஒருத்தர் பாக்கறாங்க. இவரு பெருமையா மைக்கப் புடிச்சிக்கிட்டு சொல்றாரு: "எங்கள் குழுவில் ஒரு பெண் குரலும் இருந்தது."

ஒரு பெண் குரல்! குரலும்! அந்த 'உம்'மப் பாத்தீங்களா?

புரியலையா? அட, நான்தான் தம்பி அது! அந்த மூணு பேர்ல நான் ஒருத்தி. மிளகான்னு பேரு எனக்கு. எழுதினதும் நான்தான், இவரு வரிக்கும் சேத்து நான்தான் எழுதுவேன். இவருக்கு 'மலை'க்கு அப்புறம் 'தலை', 'தலை'க்கு அப்புறம் 'இலை', அதோட சரக்கு தீந்துரும். கல்யாணம் ஆச்சு, நான் வண்டி ஓட்டக் கத்துக்குடுக்க வந்துட்டேன், சரி. அதுக்காக? அவர் பக்கத்துல வருஷக்கணக்கா படுத்து எழுந்தவ 'ஒரு பெண் குரல்' ஆயிட்டேனா?

மெதுவா, மெதுவா... நான் கோவப்பட்டா நீங்க ஏன் ஆக்சிலேட்டர மிதிக்கறீங்க?

கேளுங்க, இன்னும் இருக்கு. அடுத்து பொடியன் எழுந்தான். "அன்று என்பது வெறும் கச்சாப் பொருள், அதைக் கலையாக்கியது இன்று"ன்னான். அவனோட பாட்டு ஒண்ணப் போட்டான். தம்பி, அதுலயும் என் கொரலு! அதே நாலு வரி! வேகத்தக் கூட்டி, நடுவுல நடுவுல 'டுப்பு டுப்பு'ன்னு அடிச்சு, எலி பாடற மாதிரி ஆக்கி வச்சிருக்கான். "இது எனக்கு ஒரு பழைய டேப்பில் கிடைத்த குரல்"ங்கறான். கிடைச்சதாம்! குப்பைத் தொட்டியிலயா கிடந்தேன்? இவனுக்கு மூக்கு சிந்தி விட்டவ நான்!

அந்தக் கிழவரு தீர்ப்பு சொல்ல எழுந்தாரு. என்ன சொல்லுவாரு? அவங்களுக்கெல்லாம் ஒரே தீர்ப்புதான். "அன்றும் இன்றும் தமிழ் இப்பப்பாவின் இரு கண்கள்"ன்னாரு. கைதட்டறாங்க.

நான் எழுந்துட்டேன். எப்படி எழுந்தேன்னே தெரியல. "ஐயா, கண்ணு ரெண்டும் சரி. ஆனா அந்த வாயி யாருதுன்னு ரெண்டு பேரையும் கேளுங்க"ன்னேன்.

ஹாலே திரும்பிப் பாத்துச்சு. நான் நடந்து போறேன். எங்க வீட்டுக்காரரு மொகத்துல ஈயாடல. நேரா ஏறி அவரு கையிலேந்து மைக்க வாங்கினேன். பாட்டும் இல்ல, 'டுப்பு டுப்பு'ம் இல்ல, வெறும் வாயி:

"லிஃப்டு நின்னு போச்சு, ஏழு மாடி ஏறு,
மூச்சு வாங்கும்போதும் வார்த்தை மட்டும் நூறு..."

அதோட நின்னு போச்சு தம்பி. மூணாவது வரி வரல. சுத்தமா வரல. எவ்வளவு வருஷம் ஆச்சு! எதிர்ல அத்தனை தல. 'எழுந்து வந்திருக்கவே கூடாதோ'ன்னு ஆயிருச்சு. இவரப் பாக்கறேன். முழிக்கறாரு. பக்கத்துல நின்னு கூடவே பாடின மனுஷன், ஞாபகம் இல்ல அவருக்கு! பொற்காலமாம் பொற்காலம்.

அப்ப அந்தப் பக்கத்துலேந்து, மைக்கில்லாம, மெதுவா ஒரு கொரலு: "பொண்ணு பாட வந்தா காதப் பொத்தும் ஊரு..."

பொடியன்.

நான் முடிச்சேன். "கதவத் தட்டும் கைக்குச் சொல்லு நான் யாரு!"

கைதட்டு! அந்தக் கிழவரு கூட எழுந்துட்டாரு. "அம்மணி, தாங்கள் யார்?"ன்னாரு. இவரு "என் ஒய்ஃபு"ங்கறாரு. அவன் "எங்கக்கா"ங்கறான். ரெண்டு பேரும் ஒரே நேரத்துல, என்னவோ ஏலம் எடுக்கற மாதிரி. பேரு? ஒருத்தனும் சொல்லல. மைக்கு என் கையில இருந்துச்சு. "மிளகா"ன்னேன்.

அன்னிக்கு ராத்திரி பொடியன் வீட்டுக்கு வந்தான். இவரு தட்ட எடுத்துப் போட்டாரு. அதோட சமாதானம். நான் அடுப்புப் பக்கம் திரும்பி நின்னுக்கிட்டேன், கண்ணுல என்னவோ பட்டுருச்சு.

சரி, இனிமேலாவது நிம்மதின்னு பாத்தா, இப்ப புது சண்டை! "உன்னைக் கண்டுபிடிச்சதே நான்தான்"னு இவரு. "காப்பாத்தி வச்சது நான்தான்"னு அவன். நான் என்ன தீவா, கண்டுபிடிக்க? ரெண்டு பேரும் சேந்து எனக்குப் பாட்டு எழுதறாங்க தம்பி. எனக்கு! 'மிளகா - கலகலகலா'! இதான் வரி. இதப் பாடறதுக்கு ஃப்ரிட்ஜ நிறுத்தி, ஃபேன நிறுத்தி, என்னையும் வேர்க்க வேர்க்க நிக்க வச்சி... "மாட்டேன், எனக்கு வேணும்னா நானே எழுதிக்கறேன்"னு சொல்லிட்டேன். என்ன பதில் சொன்னாங்க தெரியுமா? "எழுது, நாங்க பாத்துத் திருத்தறோம்"!

இந்தக் கார் பார்க்ல விடுங்க. ரிவர்ஸ்ல போய் அந்த ரெண்டு கோட்டுக்கு நடுவுல நிறுத்துங்க. திருப்புங்க... திருப்புங்க... ஆங், நேராக்குங்க. போதும்.

நீங்க சின்ன வயசு. நீங்க சொல்லுங்க, எந்தக் காலம் ஒசத்தி? பயப்படாம சொல்லுங்க. என்ன? ...கேக்கறதே இல்லையா? மெலடியா? ...அய்யே. சரி விடுங்க. ஆனா அந்தத் தலைப்பு எப்படி வந்துச்சுன்னு கேட்டீங்கன்னா... இருங்க, பெல்ட்ட ஏன் கழட்டறீங்க, இன்னும் நேரம் இருக்கு. தம்பி? வியாழக்கிழமை டெஸ்ட்டு! தம்பீ!

ஓடறான் பாரு. அதோ, பஸ்ஸுல ஏறிட்டான். கார் ஓட்டக் கத்துக்க வந்தவன பஸ்ஸுல ஏத்தி விட்டுட்டேன்.

முக்கியமானதக் கேக்காம போயிட்டானே. பட்டிமன்றம் வச்ச அந்த ஹால் செயலாளரம்மா என்கிட்டதான் வண்டி கத்துக்கறாங்க. இதே சீட்டுல வச்சித்தான் சொன்னேன், இந்தத் தலைப்ப வைங்க, இந்த ரெண்டு பேரக் கூப்பிடுங்க, எதிராளி யாருன்னு மட்டும் சொல்லிடாதீங்கன்னு. ஒரே மேடையில உக்காந்தா வீம்பு எறங்கும்னு ஒரு எண்ணம். பொடியன் வந்து உக்காந்து ஒரு வாய் சாப்பிடணும், அவ்வளவுதான்.

...அவ்வளவுதானா? இல்ல. ரெண்டு பேர்ல ஒருத்தனாவது, யாரும் கேக்காமலே, என் பேரச் சொல்லுவானான்னு பாக்கணும்னு இருந்துச்சு.