பூசணிக்கு ஒரு பிரிமணை

இந்த வருஷம் தக்காளி கொஞ்சம் முந்திக்கொண்டுவிட்டது. வெயில் இன்னும் உறைக்கக்கூட ஆரம்பிக்கவில்லை, அதற்குள் கீழ்க்கொத்தில் காய்கள் சிவந்துவிட்டன. வெண்டை முழங்கால் உயரம் வந்தாயிற்று. வெள்ளரி பிஞ்சு விட்டுக்கொண்டே இருக்கிறது. ரோஜா இரண்டாம் முறையாக மொட்டு வைத்திருக்கிறது. கத்தரி மட்டும் பூவை உதிர்க்கிறது. என்னை இங்கே அழைத்து வந்த பிறகு யாரும் தண்ணீர் விட்டிருக்கமாட்டார்கள். உங்கள் ஆட்களில் யாரிடமாவது சொன்னால் தேவலை. சாயங்காலமாக விடச் சொல்லுங்கள், உச்சி வெயிலில் வேண்டாம்.

ஏன் செய்தாய் என்று கேட்டீர்கள். சொல்கிறேன். முதலில் இடத்தைச் சொன்னால்தான் புரியும்.

அப்பா விட்டுப்போன மனையில் இரண்டு வீடுகள். முன்வீடு அண்ணனுக்கு, பின்வீடும் தோட்டமும் எனக்கு. நடுவில் செம்பருத்தி வரிசைதான் வேலி. அதில் ஓர் ஆள் நுழையும் அளவுக்கு ஓர் இடைவெளி உண்டு. அது தானாக வந்ததல்ல, அண்ணன் தினமும் நுழைந்து நுழைந்து உண்டாக்கியது. நான் கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். நாள் முழுக்க அடுத்தவர்கள் நன்றாகப் பார்க்க வேண்டும் என்று வேலை செய்கிறவன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எனக்கென்று இருந்தது அந்தத் தோட்டம் ஒன்றுதான்.

காலையில் அண்ணன் காபிக் கோப்பையோடு வருவார். "என்னடா, இன்னைக்கு என்ன பழுத்திருக்கு?" என்பார். பதிலுக்கு நிற்கமாட்டார். முதலில் சிவந்த தக்காளி, முதலில் விரிந்த ரோஜா, முதல் வெண்டைக்காய், எல்லாம் அவர் பைக்குள் போய்விடும். கேட்டால் கொடுக்காதவனில்லை நான். இதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். கேட்டிருந்தால் கூடையோடு கொடுத்திருப்பேன். அவர் ஒருநாளும் கேட்டதில்லை. "உன்னோடது என்னோடதுன்னு என்னடா இருக்கு நமக்குள்ள" என்பார். என் பொருளைத் தொடும்போதுதான் அப்படிச் சொல்வார். தன் கார் சாவியைப் பற்றி அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

பறித்ததை அவரே தின்றிருந்தால்கூடப் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்திருப்பேன். அவர் தின்னவில்லை, தெருவெல்லாம் கொடுத்தார். எதிர்வீட்டுக்குத் தக்காளி, தபால்காரருக்கு வெள்ளரி, பள்ளிக்கூட டீச்சருக்கு ரோஜா. தெருவில் அவருக்கு வள்ளல் என்று பெயர். கேலிக்கு வைத்ததில்லை, மனதாரவே வைத்தார்கள். ஒருநாள் என் கடைக்கு வந்த எங்கள் தெருத் தையல்கார அம்மா சொன்னாள்: "உங்க அண்ணன் கை ராசியான கைங்க. என்னமா விளையுது! நீங்களும் அவர்கிட்ட கத்துக்கிட்டு நாலு செடி வைக்கலாமில்ல? தனியா இருக்கிறவருக்குப் பொழுதும் போகும்."

நான் அவளுடைய கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். துடைத்துக்கொண்டே இருந்தேன். என் நகக்கண்ணில் மண் இருந்தது, அதை அவள் பார்க்கவில்லை. மறைக்க என்ன இருக்கிறது, எனக்கு அவர்மேல் கோபம். "அண்ணன்தானே, விட்டுக்கொடு" என்று அம்மா சொல்லச் சொல்ல வளர்ந்த கோபம். ஆனால் கோபத்தில் செய்தேன் என்று எழுதாதீர்கள். கோபத்தில் செய்கிற வேலை நேராக வராது. இது நான் நிதானமாகச் செய்தது.

தோட்டத்தின் கோடியில் ஒரு கிணறு. அப்பா காலத்திலேயே வறண்டுவிட்டது. சுற்றுச்சுவர் இடிந்து தரையோடு தரையாகிவிட்டதால், மேலே கனமான பலகைகளைப் போட்டு மூடியிருந்தோம். சின்ன வயதில் அதன்மேல் குதித்து விளையாடுவோம். அண்ணன்தான் அதிகம் குதிப்பார். பனிக்காலம் தொடங்கும்போதே அந்தப் பலகைகளை எடுத்தேன். வெள்ளரிப் பாத்தியின் கரை சரிந்துகொண்டே இருந்தது. நல்ல மரம் வீணாகக் கிடக்கிறதே என்று அவற்றைப் பாத்தியைச் சுற்றி நட்டுவைத்தேன். கிணற்று வாயில் மெல்லிய குச்சிகளைப் பரப்பி, மேலே நைலான் வலையை விரித்தேன். பூசணிக்கொடி படர்வதற்கு அது போதும். வலையின் ஓரங்களைக் கட்டவில்லை.

பூசணி சொன்ன பேச்சைக் கேட்கும் கொடி. பக்கக் கிளைகளைக் கிள்ளிவிட்டால் நீங்கள் காட்டிய பக்கம் போகும். ஒரே கொடியை நேராகக் கிணற்றின்மேல் விட்டேன். கொஞ்ச நாளில் பாதி வாய் மூடியது, பிறகு முழுதும். இலை ஒவ்வொன்றும் தட்டு அகலம். அடியில் என்ன இருக்கிறது என்று எனக்கே சில சமயம் மறந்துபோகும். ஓரத்தில் வந்த பிஞ்சுகளையெல்லாம் கிள்ளிப் போட்டேன். நட்டநடுவில் ஒரு பெண்பூ வரும்வரை காத்திருந்தேன். அது விரிந்த காலையில் ஓர் ஆண்பூவைப் பறித்து, இதழ்களை உரித்து, நீளக் கழியின் நுனியில் கட்டி, தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு மகரந்தத்தை நானே தடவிவிட்டேன். காய் பிடித்தது. ஓரத்தில் நின்று கையை நீட்டினால் எட்டாது. பறிக்க வேண்டுமென்றால் உள்ளே கால் வைத்தாக வேண்டும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அண்ணனுக்குக் கண்ணாடி போட்டுக் கொடுத்ததும் நான்தான். மேல்பாதி தூரத்துக்கு, கீழ்பாதி படிப்பதற்கு. அதைப் போட்டு நடந்தால் காலடித் தரை மங்கலாகத் தெரியும், தலையை நன்றாகக் குனிந்து பாருங்கள் என்று வருகிறவர்கள் எல்லோரிடமும் சொல்வேன். அவரிடமும் சொன்னேன். காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பலகைகளை நான் ஒளித்துவைக்கவில்லை. அவை பாத்தியைச் சுற்றி வெட்டவெளிச்சமாக நின்றன. தினமும் அவற்றைத் தாண்டித்தான் அண்ணன் வெள்ளரி பறித்தார். ஒரே ஒரு நாள் என் தோட்டத்தைக் கண் திறந்து பார்த்திருந்தால் அவர் பிழைத்திருப்பார். அவர் காயைப் பார்த்தாரே தவிர தோட்டத்தைப் பார்க்கவில்லை. நீங்கள் உள்ளே வந்ததும் "இந்தப் பலகை முன்னாடி எங்க இருந்தது?" என்று கேட்டீர்கள். என் தோட்டத்தை ஒருவர் ஒழுங்காகப் பார்த்தது அதுதான் முதல் தடவை. உங்கள்மேல் எனக்கு மரியாதை வந்தது.

பூசணி கால்பந்து அளவுக்கு வந்தபோது அண்ணன் செம்பருத்தி ஓரமாக நின்று பார்த்தார். "அடேயப்பா, என்னமா உருண்டு வருது! அடியில வைக்கோல் வைடா. தரையில கிடந்தா அழுகிப் போயிடும்" என்றார். என் பூசணிக்கு எனக்கே பாடம். தலையாட்டிவைத்தேன். வைக்கோல் வைக்கவில்லை.

அன்று அண்ணி வெளியூரில் இருக்கும் மகளைப் பார்க்கப் போயிருந்தார். நான் தக்காளிச் செடியைக் கழியோடு சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தேன். குச்சிகள் முறியும் சத்தம் கேட்டது. பிறகு கனமாக ஒரு சத்தம். போட்ட முடிச்சை இறுக்கிவிட்டுத்தான் போனேன்.

இலைகளை விலக்கிப் பார்த்தேன். அடியில் சுவரோடு சாய்ந்து கிடந்தார். ஒரு கால் தப்பான பக்கம் மடங்கியிருந்தது. கண்ணாடி முகத்தில் இல்லை. மேலே வெளிச்சத்தைப் பார்த்துக் கண்ணைச் சுருக்கினார்.

"தம்பியா? நல்லவேளை, நீ வீட்ல இருந்தே. பலகை உளுத்துப் போச்சு போலிருக்குடா. கால் போச்சு. ஒரு கயிறு போடேன். யாரையாவது கூப்பிடேன்."

போடேன், கூப்பிடேன். அவர் என்னிடம் இப்படிக் கேட்டு நான் பார்த்ததே இல்லை. அது எனக்கு எவ்வளவு நிறைவாக இருந்தது என்று சொன்னால் உங்களுக்குப் புரியாது.

"இருங்க அண்ணா, செடிக்குத் தண்ணி விட்டுட்டு வந்துடறேன்" என்றேன்.

"சரிடா, சீக்கிரம் வா" என்றார். நம்பினார். பிறகு, "காய்க்கு ஒண்ணும் ஆகலியே?" என்று கேட்டார். அந்த நிலையிலும் அவருக்குக் காய்மேல்தான் கண்.

காய் சரிந்த வலையோரம் கொடியிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. கீறல்கூட இல்லை. நான் குழாயைத் திறந்தேன். தக்காளி, கத்தரி, வெண்டை, வெள்ளரி, ஒவ்வொன்றுக்கும் வேரடியில் நின்று விட்டேன். கிணற்றிலிருந்து "தம்பி, ஆச்சா?" என்று சத்தம் வந்தது. அப்புறம் வெறும் "தம்பி". கையைக் கழுவிக்கொண்டு கடைக்குப் போனேன். வந்தவர்களுக்குக் கண் பார்த்தேன். ஒருவருக்கும் அளவு தப்பவில்லை. சாயங்காலம் திரும்பியபோது தோட்டம் அமைதியாக இருந்தது. அண்ணி ஊரிலிருந்து வந்து தேட ஆரம்பித்தபோது, நானும் கூடவே தெருத்தெருவாகத் தேடினேன். தையல்கார அம்மா வாசலில் நின்று அழுதாள்.

ஆக, விழவைத்ததும் நான்தான், சாகவிட்டதும் நான்தான். எங்கே கையெழுத்து வேண்டுமோ போடுகிறேன்.

ஆனால் இன்று காலை நீங்கள் செய்தது எனக்குப் பிடிக்கவில்லை. கிணற்றுக்குள் அண்ணன் கையில் இருந்தது என்று ஒரு பொருளை மேசைமேல் வைத்தீர்கள். வைக்கோலை இறுகத் திரித்து வளையமாகச் சுற்றிய பிரிமணை. பானை உருளாமல் இருக்க அடியில் வைப்போமே, அதுதான், கொஞ்சம் பெரியதாக. அண்ணி ஊருக்குக் கிளம்பும்போது அண்ணன் வாசலில் உட்கார்ந்து அதைத் திரித்துக்கொண்டிருந்தாராம். "அவன் வைக்கமாட்டான், பிடிவாதக்காரன். பாவம், எவ்வளவு பாடுபட்டு வளர்த்திருக்கான், அழுகிப் போனா மனசு விட்டுப்போயிடுவான்" என்றாராம். பறிக்கப் போகவில்லை, வைக்கத்தான் போனார் என்று அண்ணி அழுததாகச் சொன்னீர்கள். சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தீர்கள். அது மாறும் என்று எதிர்பார்த்தீர்கள் போலிருக்கிறது.

அதைக் கையில் எடுத்துப் பார்க்கலாமா என்று கேட்டேன், கொடுத்தீர்கள். கவனித்தீர்களா, கேட்டுவிட்டுத்தான் எடுத்தேன். நல்ல வைக்கோல், ஈரம் படாமல் மஞ்சளாக இருந்தது. எங்கள் தெருவில் வேறு யாரிடமும் வைக்கோல் கிடையாது. செடிகளின் அடியில் பரப்புவதற்காக நான் வாங்கி என் கொட்டகையில் அடுக்கிவைத்தது அது.

அதையும் அவர் என்னைக் கேட்காமல்தான் எடுத்திருக்கிறார்.