கரையில் காத்திருந்த சேதி

"ஹலோ… ஹலோ… ஆமாங்க, நான்தான்… அம்சவேணிதான் பேசறேன்… கேக்குது, கேக்குது… கத்தாதீங்க, நல்லாவே கேக்குது… கரை சேந்துட்டீங்களா?… ஆமா, ஆமா, மொரீஷியஸுன்னு கேப்டன் சாப் சொன்னாரு. அவருதான் கால் புக் பண்ணிக் குடுத்தாரு… ஆறு பேரும் நல்லா இருக்கீங்களா?… அப்பாடா."

அந்த 'அப்பாடா'வைக் கேட்டதும் லீலாவதி மாமி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். டில்லி ஆர்.கே.புரத்தில் அந்த பிளாக்கிலேயே டெலிபோன் இருந்தது அவள் வீட்டில்தான். மேல்மாடியில் குடியிருக்கும் அம்சவேணி கூடத்தின் நடுவே, ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் புருஷன் தர்மன் ராணுவத்தில் நாயப் சுபேதார். பாய்மரப் படகில் சமுத்திரம் தாண்டப் போன ஆறு பேரில் அவன்தான் வழி பார்த்துச் சொல்கிறவன். பம்பாயில் பேண்டு வாசித்துப் படகை அனுப்பிவைத்தபோது இவள் நிறைமாசம். அவன் நடுக்கடலில் இருக்கையில் பெண் பிறந்தது. ஒரு வாரம்கூடத் தங்காமல் செத்தும் போனது. இதில் ஒரு வார்த்தையும் அவனுக்கு இன்னும் தெரியாது.

படகிலிருக்கும் ரேடியோவில் சொல்லிவிடலாமா என்று ரெஜிமெண்டிலிருந்து கேப்டன் நேரில் வந்து கேட்டார். வேண்டவே வேண்டாம், அவர் மனசு உடைந்தால் படகே வழி தப்பிவிடும் என்று இவள்தான் தடுத்தாள். அடேயப்பா, இவளல்லவா பெண்பிள்ளை, என்ன மனோதிடம் என்று செக்டார் முழுக்க அதே பேச்சு. அவன் வீடு திரும்பும்வரை மூச்சு விடமாட்டாள் என்று கேப்டனும் நம்பினார், கீழ்வீட்டுக்காரர்களும் நம்பினார்கள். இவளைப் பற்றி அவர்களுக்கு என்ன தெரியும், பாவம்.

"சொல்லுங்க… மாலை போட்டாங்களா?… தமிழ் ஆளுங்களா! அங்கேயுமா?… மேளம் வேறயா… கேக்குது, பீப்பீன்னு கேக்குது… பேப்பர்காரங்களா?… அச்சா, அச்சா… நின்னு நல்லா போஸ் குடுத்துட்டு வாங்க, எனக்கு இன்னா அவசரம்… அலை மாடி ஒசரமா? ஐயோ… ம்… ம்… பாய் கிழிஞ்சுபோச்சா… நட்சத்திரத்தைப் பாத்தே கொண்டாந்து சேத்துட்டீங்களா!… மேஜர் சாப் முதுகுல தட்டினாரா… தட்டுவாரு, தட்டுவாரு… இன்னும் சொல்லுங்க. எல்லாத்தையும் சொல்லிடுங்க."

அவன் சொல்லச் சொல்ல இவள் ம் கொட்டினாள். அவன் சந்தோஷம் முழுசாக ஏறட்டும் என்று காத்திருந்தாள்.

"இன்னாங்க?… ஆமா… ஆயிடுச்சு. பொறந்துடுச்சு… பொண்ணு… பொண்ணுதாங்க, நெசமாத்தான்… யார்கிட்ட கத்தறீங்க?… எல்லாருக்கும் சொல்லிட்டீங்களா… கை தட்டறாங்களா?… கேக்குது, கேக்குது… நெறமா? உங்க நெறம்தான். மூக்கும் உங்க மூக்கு, சப்பை… சிரிக்காதீங்க… தலை நெறைய முடி. விரலைக் குடுத்தா கெட்டியாப் புடிச்சுக்கும், விடவே விடாது… ஆமா… ஆமாங்க…"

லீலாவதி மாமிக்கு அதற்குமேல் தாங்கவில்லை. எப்படிப்பட்ட பொய்யை எவ்வளவு பொறுமையாகச் சொல்கிறாள் என்று நினைத்து வாயைப் பொத்திக்கொண்டாள். மாமியின் புருஷன் பாலசுப்ரமணியம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"இன்னா?… போன்கிட்ட கொண்டாரணுமா?… அழுதாலும் பரவாயில்லையா… குரலைக் கேட்டா போதுமா உங்களுக்கு?… கொண்டார முடியாதுங்க… தூங்கலை… செத்துப்போச்சு."

மாமி பாய்ந்து வந்து ரிசீவரைப் பிடுங்கப் பார்த்தாள். அம்சவேணி அவளுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டாள்.

"கொழந்தைதான். வேற யாரு?… இதுல விளையாடுவாங்களா?… மார்கழியில. ஒரு வாரம்கூட இல்லை… உங்க படகுல பாய் கிழிஞ்சுதே, அப்போவா இருக்கும்… சளி நெஞ்சை அடைச்சுக்கிச்சு. விடியக்காலம், எதுத்தாப்புல நிக்கற ஆள் தெரியாத பனி. டாக்ஸி ஸ்டாண்டுல ஒருத்தன் எழுந்திருக்கலை. பச்சை உடம்போட நானே தூக்கிக்கிட்டு ரோட்டுல ஓடினேன்… நில்லுங்க, நான் பேசி முடிக்கறேன். கெளம்பறப்போ 'நான் இருந்து இன்னா பண்ணப்போறேன், நான் இன்னா டாக்டரா'ன்னு கேட்டீங்களே… கேட்டீங்க. உங்களுக்குப் பதிலா உங்க ரெஜிமெண்டு வேணு போறேன்னு வந்து நின்னான். அவனுக்கு வழி பாக்கத் தெரியாதுன்னு தொரத்துனீங்க… நீங்க இருந்திருந்தா ஓடியிருப்பீங்க. அதான் பண்ணியிருப்பீங்க. என்னைவிட வேகமா ஓடியிருப்பீங்க."

பாலசுப்ரமணியம் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"யார் தூக்கிட்டுப் போனாங்களா?… பாலசுப்ரமணியம் சாரு. ஒட்டா ஒறவா? அவரு கையில ஏந்திக்கிட்டுப் போயி அவரே குழியில எறக்கினாரு. அப்பன் செய்ய வேண்டியது… அப்பன் நட்சத்திரம் பாத்துக்கிட்டிருந்தான்."

"இன்னா கேட்டீங்க?… ஆமா, ரேடியோல சொல்றோம்னாங்க. நான்தான் வேணாம்னேன்… உங்களுக்காகவா?… இல்லீங்க. இங்க எல்லாரும் அப்படித்தான் நெனச்சுக்கிட்டு இருக்காங்க. நடுக்கடல்ல சொன்னா உங்களுக்கு அழ எங்க நேரம்? காத்து இருக்கு, கயிறு இருக்கு, அஞ்சு பேரு உசுரு இருக்கு. வேலையோட வேலையா முழுங்கிடுவீங்க. கரைக்கு வரட்டும், மாலை விழட்டும், எல்லாரும் கை தட்டட்டும், அப்புறம் சொல்லிக்கலாம்னு வச்சிருந்தேன்… ஆமா. வேணும்னேதான்… ஆமாங்க, வேணும்னேதான்!"

செக்டார் மெச்சிய மனோதிடம் இதுதான். மாமி இரண்டடி பின்னால் போய்ச் சுவரோடு நின்றாள்.

"ஹலோ?… யாரு?… மேஜர் சாப்! நமஸ்தே சாப், நமஸ்தே… ஒண்ணும் இல்லை சாப், சப் டீக் ஹை… பொண்ணு பொறந்ததுல அழுவுறாரு சாப், குஷி, குஷி… உங்களுக்கும் முபாரக் சாப்… ஹாங் ஜி, லட்டு கண்டிப்பா உண்டு… போனை அவருகிட்டயே குடுங்க சாப்."

குரல் ஒரு இடத்தில்கூடப் பிசகவில்லை.

"வந்துட்டீங்களா?… பிளேன்லயா? வேணாம். திரும்பி வர்ற வழியை அவங்களுக்கு யாரு சொல்லுவா? படகுலயே வாங்க. மெதுவா வாங்க… இன்னா பேசணும்? எல்லாம் பேசியாச்சு… அழுங்க."

அவன் அழுதான். மீசை வைத்த ஆண்பிள்ளை, அத்தனை பேருக்கு நடுவில், மாலையும் கழுத்துமாக, வாய்விட்டு அழுதான். இந்தச் சத்தத்துக்காகத்தான் இத்தனை நாளாக இவள் சோறு தின்று உயிரோடு இருந்தாள்.

நடுவில் டிரங்க் கால் ஆபரேட்டர் குறுக்கிட்டான்.

"ஹாங் பையா?… டைம் ஆயிடுச்சா?… இன்னொரு மூணு நிமிஷம் குடுங்க பையா… ஹாங், ஹாங், யாரும் பேசலைதான். பரவாயில்லை. அவர் அழட்டும், நான் கேக்கணும்."

கேட்டாள். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். கேட்கக் கேட்க அவளுக்கு என்னவோ ஆயிற்று. அந்தக் குழந்தைக்காக இதுவரை யாருமே இப்படி அழவில்லை. வந்தவர்கள் ஆண்டவன் சித்தம் என்றார்கள், இவள் தைரியத்தைப் புகழ்ந்தார்கள், காபி குடித்துவிட்டுப் போனார்கள். இவளும் அழவில்லை. அழுதால் வைத்திருந்த கோபம் கரைந்துவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டாள். இப்போது சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள்.

"ஏங்க… மூச்சு விட்டு அழுங்க… கேக்குது… இங்கதான் இருக்கேன்… ஏங்க, ஒண்ணு சொல்லட்டுமா? யார்கிட்டயும் சொல்லலை… அதுக்குக் காலு சில்லுன்னு ஆயிடுச்சுங்க. நான் தேச்சுக்கிட்டே இருந்தேன்… போயிட்ட அப்புறமும் தேச்சுக்கிட்டே இருந்தேன். சூடு வந்துடும்னு… இத்துனூண்டு காலு… உங்ககிட்டதான் சொல்ல முடியும், வேற யார்கிட்ட… ஹலோ?… ஏங்க?… ஹலோ… ஹலோ… பையா! லைன் போச்சு பையா! ஜல்தி, லைன் குடுங்க, நான் இன்னும் பேசி முடிக்கலை… இன்னா?… கட் ஆகலையா?… அந்தப் பக்கம் வச்சுட்டாங்களா?… யாரு வச்சது?… அவரேவா?"