கன்னார் தெருவுல சுத்தி நின்ன கதை

ரொம்ப ரொம்ப முன்னாடி, ரோடு வராம வெறும் வண்டித்தடம் மட்டும் கெடந்த காலத்துல, செம்பூத்துக்குளம்னு ஒரு ஊரு. எங்கயோ தேடாதீங்க, இப்ப நீங்க உக்காந்திருக்கிற இதே ஊருதான். நான் கத்திப் பேசுதேன்னு சண்டைக்காரியா நெனச்சுக்கிடாதீங்க. எங்க கன்னார் தெருவுல இதுக்குப் பேரு மெதுவாப் பேசுறது. வீட்டுக்கு வீடு சுத்தியலால, நாங்க சுத்தின்னு சொல்லுவோம், செம்பும் பித்தளையும் தட்டுற தெரு இது. சத்தம் போடாம ஒரு வாய் தண்ணிகூட கேட்டு வாங்க முடியாது.

அந்தத் தெருவுக்கு அப்ப பெரிய தலை பிச்சாண்டி ஆசாரியாம். அவரு மருமக உலகம்மை. உலகம்மைக்கு ஒரே புள்ள, நல்லபெருமாள். நல்லான் நல்லான்னு கூப்பிடுவாளாம். கூப்பிடுவா, சரி. அவன் திரும்பணும்ல? திரும்ப மாட்டானாம். மூணு வயசு நெருங்குது, அம்மான்னு ஒரு சொல்லு இல்ல, அப்பான்னு ஒரு சொல்லு இல்ல. பாப்பான், சிரிப்பான், ஓடுவான். பேச்சு மட்டும் வரல.

தெருவு சும்மா இருக்குமா? ஒருத்தி மந்தம்னா. ஒருத்தி சீர் தட்டியிருக்கு, ஏதோ தோசம்னா. இன்னொருத்தி, வயித்துல இருக்கையில நீ கிரகணத்தப் பாத்திருப்பேன்னா. உலகம்மை எல்லாத்தையும் கேட்டுக்கிட்டு, எல்லாத்துக்கும் மருந்து பாத்தாளாம். நாக்குல வசம்பு தேச்சா. மந்திரிச்சுக் கயிறு கட்டினா. கோயில் மணியில ஊத்தின தண்ணியக் குடிக்க வச்சா. நல்லான் எல்லாத்தையும் சமத்தா வாங்கிக்கிட்டு, ஒண்ணுமே பேசலையாம்.

கடைசியில பிச்சாண்டி ஆசாரி சொல்லிட்டாராம். "ஏட்டி மருமவளே, இது நம்ம கையில நிக்கிற புள்ள இல்ல. வர்ற ஆடி அமாவாசைக்கு ஆத்துல முங்கப் போறோம்லா, அப்ப அங்க மடத்துல இருக்கிற பரதேசிககிட்ட, சாமிக்குன்னு விட்டுட்டு வந்துருவோம். உனக்கு வேற புள்ள பொறக்கும்."

உலகம்மை புருசனைப் பாத்தாளாம். அவன் அப்பன் முன்னால வாயத் தொறந்தா வானம் இடிஞ்சிரும்னு நெனக்கிற ஆளு. உலை ஊதுற துருத்தியப் பாத்துக்கிட்டு நின்னானாம். அவனச் சொல்லி என்ன செய்ய.

அமாவாசைக்கு முன்னால இன்னும் ஒரு வைத்தியரப் பாத்துருதேன்னு மாமனாருகிட்ட கெஞ்சி, உலகம்மை புள்ளைய இடுப்புல தூக்கிக்கிட்டு வடகரைக்குப் போனா. அது வெத்தலைக் கொடிக்கால் ஊரு. இலை கிள்ளுற சத்தம்கூட கேக்குமாம், அவ்வளவு அமைதி. வைத்தியர் வீட்டு முன்னால கூட்டம். காத்துக் கெடக்கையில ஒண்ணப் பாத்தாளாம். ஒரு பொம்பள கொடிக்குள்ள குனிஞ்சு இலை கிள்ளிக்கிட்டே, தலைய நிமித்தாம, "ஏ ராசாத்தி"ன்னு கூப்பிடுதா. அந்தாண்ட மண்ணுல விளையாண்ட புள்ள சட்டுன்னு திரும்பி ஓடி வருது.

உலகம்மைக்கு உடம்பெல்லாம் புல்லரிச்சுப் போச்சாம். ஏன் தெரியுமா? எங்க தெருவுல யாரும் யாரையும் பின்னால இருந்து கூப்பிட மாட்டோம். கூப்பிட்டு என்ன புண்ணியம், சத்தத்துல கேக்காது. முன்னால போயி, தோளத் தட்டி, மூஞ்சிக்கு நேரா கத்துவோம். பட்டடையில, அதான் பாத்திரம் தட்டுற எடத்துல, உக்காந்தா ஆசாரிமார் கைச்சாடையிலயே பேசிக்குவாங்க. திரும்பாத புள்ளைய யாரு அதிசயமாப் பாப்பா? இங்க எவனுமே திரும்ப மாட்டானே.

அங்கயே புள்ளைய மண்ணுல உக்கார வச்சு, பின்னால நின்னு "நல்லான்"னா. திரும்பல. இன்னும் கிட்டப் போயி கூப்பிட்டா. திரும்பல. வைத்தியரும் பாத்துட்டு, "தாயீ, காதுலதான் கொறையின்னு தோணுது. மந்தம்னு சொல்ல மாட்டேன். கண்ணு அவ்வளவு தெளிவா இருக்கே"ன்னாராம்.

ஓட்டமும் நடையுமா வீட்டுக்கு வந்து சொன்னா, பிச்சாண்டி ஆசாரி சிரிச்சாராம். "ஏட்டி, போ. நான் அண்டா தட்டையில பக்கத்துல உக்காந்து கையால தாளம் போடுதான் உன் மவன். காது கேக்காதவன் தாளம் போடுவானா? புத்திதான் இல்ல."

மறுநாள் காலையில திரும்பவும் போயி நின்னா. "சுத்திய நிப்பாட்டச் சொல்லுங்க மாமா. கூப்பிட்டுக் காட்டுதேன்."

"பொழுது சாஞ்சு கூப்பிடு."

"நேத்தே பொழுது சாஞ்சு கூப்பிட்டேன். தூக்கக் கலக்கம்னீங்க."

இங்கதான் சிக்கல். எங்க தெருவுல பகல்ல சுத்தி ஓயக் கூடாது. பகல்ல ஓஞ்சா தெருவுல சாவுன்னு அர்த்தம். நல்லா இருக்கிற நாள்ல சுத்திய நிப்பாட்டினா, சாவ வா வான்னு கூப்பிடுற மாதிரின்னு பயப்படுவாங்களாம். அதனால மாமனாரு, "என் உசுரு இருக்க வரைக்கும் நடக்காது"ன்னு போயி உக்காந்து தட்ட ஆரம்பிச்சிட்டாரு.

உலகம்மை என்ன செஞ்சா? புள்ளைய மடியில வச்சுக்கிட்டு, நேரா போயி மாமனாரு பட்டடைக் கல்லு மேலயே ஏறி உக்காந்துட்டாளாம். காளியா நெனச்சு குங்குமம் வைக்கிற கல்லு. பொம்பள கால் படக் கூடாத கல்லு.

"தட்டுங்க மாமா"ன்னாளாம். "எம் புள்ளைய விடுறதுன்னா எங்க ரெண்டு பேரையும் தட்டிட்டு விடுங்க."

ஓங்கின சுத்தி ஓங்கினபடி நின்னுச்சு. பெரிய தலை பட்டடை நின்னா மத்த பட்டடையும் நிக்கணும். அடுத்த வீடு நின்னுச்சு, எதுத்த வீடு நின்னுச்சு, தெருவே ஓஞ்சு போச்சு. குருவி கத்துறது அன்னைக்குத்தான் பல பேருக்குக் காதுல விழுந்துச்சாம். மேலத் தெருவுல இருந்து நாலு பேரு துண்ட இடுப்புல கட்டிக்கிட்டு, "யாருவே செத்தது?"ன்னு ஓடி வந்துட்டாங்களாம்.

உலகம்மை எறங்கி, புள்ளைய தரையில உக்கார வச்சா. "இப்பக் கூப்பிடுங்க"ன்னா. தாத்தா பின்னால நின்னு கூப்பிட்டாரு. அப்பன் கூப்பிட்டான். தெருவே சேந்து "நல்லான்"னு கூப்பிட்டுச்சு. பாவிப்பய ஒரு எறும்பப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தானாம்.

"அப்ப தாளம்?"னாரு பிச்சாண்டி ஆசாரி. குரலு எறங்கிப் போச்சு.

"ஒருக்காத் தட்டுங்க மாமா."

தட்டினாரு. தரையில இருந்த புள்ள கையத் தட்டிச்சு. உடனே உலகம்மை அவனத் தூக்கி, வேப்பமரத்துல தொங்கின சேலைத் தொட்டில்ல போட்டா. "இப்பத் தட்டுங்க." தட்டினாரு. ஓங்கித் தட்டினாரு. புள்ள வேப்பங்கொப்பப் பாத்துக்கிட்டு கெடக்கு, கை அசையல.

"தரை சொல்லுது மாமா அவனுக்கு. காது சொல்லல"ன்னாளாம் உலகம்மை. சொல்லிட்டு அழுதா. காது கேக்கலயேன்னு வருத்தந்தான், இல்லாம இருக்குமா? ஆனா அத்தன நாளும் என்னன்னே தெரியாம இருட்டுல தடவிக்கிட்டுக் கெடந்தவளுக்கு, என்னன்னு தெரிஞ்சு போச்சு. அந்தச் சந்தோசமும் சேந்துதான் அழுதா.

பிச்சாண்டி ஆசாரி சுத்தியக் கீழ வச்சாராம். புள்ளைய எடுத்து எதுக்க உக்கார வச்சு, தானும் சம்மணம் போட்டு உக்காந்தாரு. பட்டடையில ஆசாரிமார் தண்ணி கேக்கப் போடுற சாடைய அவனுக்குப் போட்டுக் காட்டி, செம்புத் தண்ணியக் குடுத்தாரு. திரும்பப் போட்டாரு, திரும்பக் குடுத்தாரு. வயிறு முட்டக் குடிச்சதுக்கு அப்புறம் அந்தப் பய, குட்டிக் கைய நீட்டி அதே சாடையத் தாத்தாவுக்குப் போட்டானாம். மனுசன் மீசையெல்லாம் நனையிற அளவுக்கு அழுதாராம். ஆடி அமாவாசை வந்துச்சு. ஆத்துக்குப் போனாங்க, முங்கினாங்க, பேரன் தாத்தா தோள்மேல உக்காந்து திரும்பி வந்தான்.

தெருவுக்கே சாடை தெரியும். அதுக்கப்புறம் அவனுக்கு என்ன கொற? வளந்தான், தொழில் பழகினான், கல்யாணம் முடிச்சான். இவ்வளவு சத்தமா பேசுற நான் அந்த வழியில வந்தவதான்.

அன்னையில இருந்து இந்தத் தெருவுல ஒரு பழக்கம். ஒவ்வொரு அமாவாசைக்கும் காலையில எல்லாப் பட்டடையும் நிக்கும். கைப்புள்ளைகளத் தூக்கியாந்து வேப்பமரத்தடியில உக்கார வச்சு, பின்னால இருந்து பேரு சொல்லிக் கூப்பிடுவோம். திரும்புற புள்ளைய அம்மாக்காரி தூக்கிக்கிட்டு வீட்டுக்குப் போவா. திரும்பாத புள்ள இருந்தா, யாரும் ஒப்பாரி வைக்க மாட்டோம், யாரையும் குத்தம் சொல்ல மாட்டோம். எந்திரிச்சு சுத்தி வந்து, அந்தப் புள்ள முன்னால உக்காந்துக்கிடுவோம்.