பாயிண்ட் ஏழு: போன் சூடாகும்

என் கடையில் ஏசி உண்டு என்பதை முதலில் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள், மேடம். இந்த வட்டாரத்தில் ஏசி போட்ட கேம் சென்டர் என்னுடையது ஒன்றுதான். பெருமைக்காகச் சொல்லவில்லை. நாலு பேர் நாகரிகமாக உட்கார்ந்து விளையாட வேண்டும் என்று நினைத்தவன் நான். அது உங்களுக்கு ஆரம்பத்திலேயே தெரிந்துவிட்டால் மற்றதெல்லாம் சுலபமாகப் புரியும்.

பெயர் ஸ்டீபன்ராஜ். வயது நாற்பத்தொன்று. நாகல் நகரில் மாடியில் கடை. நான்கு பெரிய டிவி, நான்கு கன்சோல், நான்கு சோபா. அதில் ஒரு சோபா என் மனைவி ரோஸ்மேரி கல்யாணத்துக்குக் கொண்டுவந்த சீர். அதை வீட்டு ஹாலிலிருந்து கடைக்குத் தூக்கிவந்த அன்று அவள் ஒன்றும் சொல்லவில்லை. பொதுவாகவே அவள் ஒன்றும் சொல்வதில்லை. அதனால் எங்கள் வீட்டில் சண்டை கிடையாது. கடையின் ஒரு மூலையில் கண்ணாடித் தடுப்பு வைத்து செல்போன் சர்வீஸும் பார்க்கிறேன். டிஸ்ப்ளே மாற்றுவது, சார்ஜ் ஏறாததைச் சரிசெய்வது, பேட்டரி மாற்றுவது. அது வயிற்றுக்கு. கன்சோல் மனதுக்கு.

வருடா வருடம் கிறிஸ்துமஸ் விடுமுறையில் என் கடையில் கால்பந்து கேம் போட்டி நடக்கும். ஆறு வருடம் தொடர்ந்து நான்தான் சாம்பியன். விதிகளை எழுதியவனும் நடுவரும் நானே என்று சிலர் குறை சொன்னார்கள். விதிகள் முழுதாகத் தெரிந்த வேறு ஆள் ஊரில் இல்லையென்றால் அதற்கு நான் என்ன செய்வது.

ஐரினை எனக்கு நான்கு வருடமாகத் தெரியும். வடமதுரை பக்கம் ஒரு நூற்பாலையில் வேலை, தங்கல் ஆலை விடுதியில். அவள் அம்மா ஆரோக்கியம்மாள் வத்தலக்குண்டில் பூ விற்கிறவர். முதலில் ஐரின் போன் டிஸ்ப்ளே மாற்றத்தான் வந்தாள். வேலை முடியும் வரை சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்து மற்றவர்கள் ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தலைமுடியில் இரண்டு இழை பஞ்சு. அவள் கையில் கன்ட்ரோலரைக் கொடுத்தது நான்தான். அப்புறம் ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிந்ததும் பஸ் ஏறி வந்துவிடுவாள். பாஸ் எப்படிக் கொடுப்பது, கோல் கீப்பரை எப்படி ஏமாற்றுவது, எல்லாம் நான் சொல்லிக்கொடுத்தது. இரண்டு விஷயங்களை மட்டும் சொல்லித்தரவில்லை. அவற்றை அவளே கண்டுபிடித்துக்கொண்டாள். நான் அதைத் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை.

போன வருடம் எதிர்ச்சாரியில் தப்ரேஸ் ஒரு போன் ஷோரூம் திறந்தார். நல்ல மனிதர். திறப்பு விழாவுக்கு என்னை நேரில் வந்து கூப்பிட்டார். வாசலில் பெரிய பேனர்: ‘வீட்டு ஹாலைப் பாக்கெட்டில் வையுங்கள்.’ கேம் விளையாடுவதற்கென்றே வந்த போன்களாம். அதைப் படித்துவிட்டு இரண்டு நாள் சிரித்தேன். மூன்றாம் நாள் என் கடையில் ஒரு சோபா காலியாகக் கிடந்தது.

டீக்கடையில் எங்களுக்குள் இதைப் பற்றிப் பேச்சு வரும். டிவிக்குக் கீழே இனி எதற்கு ஒரு பெட்டி, போனையே டிவியில் சொருகினால் முடிந்தது என்பார் தப்ரேஸ். போன் செய்கிறவர்கள் போன் செய்யட்டும், கன்சோல் என்பது வேறு ஜாதி என்பேன் நான். வாய்ப்பேச்சு எதற்கு என்று, போனால் ஏன் கன்சோலை நெருங்கவே முடியாது என்பதைப் பதினொரு பாயிண்டுகளாக முகநூலில் எழுதினேன். தொடுதிரையில் விரல் வழுக்கும். சின்னத் திரை கண்ணைக் கெடுக்கும். நடுவில் மாமியார் போன் செய்வார். ஏழாவது பாயிண்ட்: போன் சூடாகும், சூடாகும் பொருள் நெடுநேரப் போட்டிக்கு லாயக்கில்லை. பதினொன்றுக்கும் சேர்த்து மூன்று லைக். ஒன்று ரோஸ்மேரி. ஒன்று தப்ரேஸ். மூன்றாவது நான்.

அதற்குள் ஐரின் தப்ரேஸிடம் ஒரு போன் வாங்கியிருந்தாள். ஐந்தாறு ஞாயிறு என் கடைக்கு வரவில்லை. வந்தபோது காரணம் கேட்டேன். அவள் ஒளிக்காமல் சொன்னாள்.

“கன்சோலுக்கு ஒரு ஹாலு வேணும்ணே. எங்க ரூம்ல எட்டுப் பேரு. அடுக்குக் கட்டிலு. எனக்கு ஏதுண்ணே ஹாலு? இதுன்னா ஷிப்ட் முடிஞ்சு வந்து படுத்துக்கிட்டே ஆடலாம்.”

கேட்பவர்களுக்கு இதில் ஒரு நியாயம் இருப்பதாகத் தோன்றலாம். எனக்குத் தோன்றவில்லை. ஹால் இல்லாதவர்களுக்காகத்தானே நான் நான்கு ஹாலை மணிக்கணக்கில் வாடகைக்கு விடுகிறேன்.

அன்று அவள் பையில் ஒரு கேபிள் இருந்தது. என் கடை டிவியிலேயே தன் போனைச் சொருகினாள். ஒரு சின்ன கன்ட்ரோலரையும் அதோடு இணைத்தாள். பக்கத்து டிவியில் நான் கன்சோலில். ஒரே கேம், இன்டர்நெட் வழியாக இரண்டு பேரும் மோதலாம். பதினொரு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான்குக்கு ஒன்று. அந்த ஒன்றுகூட அவள் விட்டுக்கொடுத்தது என்று நினைக்கிறேன். எழுந்திருக்கும்போது, “கடைசி கோலு நீங்க சொல்லிக்குடுத்ததுதாண்ணே” என்றாள். கேலியாகச் சொல்லவில்லை. அவளுக்குக் கேலி வராது. உண்மையாகச் சொன்னாள்.

அடுத்த ஞாயிறு அந்தப் பதினொரு பேரில் நான்கு பேர் வந்தார்கள். ஏசி வழக்கம்போல ஓடியது.

இதற்குப் பிறகு ஒரு போன் கம்பெனிக்காரர்கள் மாவட்டம் மாவட்டமாகப் போட்டி வைத்து வந்தார்கள். ஜெயிப்பவருக்குச் சென்னையில் அவர்களுடைய அணியில் இடம்; மாதச் சம்பளம், தங்க அறை. ஐரின் ஒவ்வொரு சுற்றாக ஜெயித்து இறுதிப் போட்டிக்கு வந்துவிட்டாள். அதற்கு நான்கு நாள் முன்பு என் கடைக்கு வந்தாள். போனில் சார்ஜர் சொருகும் இடம் ஆடுகிறதாம். தப்ரேஸ் கடையிலேயே கொடுக்கலாமே என்றேன். அங்கே ஒரு வாரம் ஆகுமாம்.

“உங்க கைன்னா எனக்கு நம்பிக்கைண்ணே,” என்றாள். “இதுல மட்டும் ஜெயிச்சுட்டேன்னா மில்லுக்குப் போகவேணாம். எனக்குன்னு ஒரு ரூமு தாராகளாம். கதவு சாத்திக்கிறலாம்.”

வைத்துவிட்டுப் போகச் சொன்னேன்.

சார்ஜர் சொருகும் இடத்தை அரை மணி நேரத்தில் மாற்றினேன். சுத்தமான வேலை, அதில் யாரும் குறை காண முடியாது. கழற்றிய பழைய பேட்டரிகள் என்னிடம் எப்போதும் கிடக்கும். உப்பிப்போனவற்றை மணல் வாளியில் போட்டுவிட வேண்டும். நானும் போட்டுவிடுவேன். ஒன்றை மட்டும் வாளியில் போடாமல் வைத்திருந்தேன். அது வேறு மாடல் போனின் பேட்டரி. அளவு ஏறக்குறைய சரியாக இருந்தது. ஏறக்குறைய என்பதால் மூடியைக் கொஞ்சம் அழுத்தி ஒட்ட வேண்டியிருந்தது. அவளுடைய நல்ல பேட்டரியை நான் வீணாக்கவில்லை. அதே மாடல் போனோடு வந்த கொடைரோடு கஸ்டமர் ஒருவருக்குப் போட்டுக்கொடுத்தேன். அவர் போன் இன்றைக்கும் நன்றாக வேலை செய்கிறது.

என் எண்ணம் இவ்வளவுதான்: போன் சூடாகும், ஆட்டம் திணறும், அவள் தோற்பாள், ஏழாவது பாயிண்ட் ஊருக்குப் புரியும். வெடிக்கும் என்று தெரியாதா என்று கேட்கிறீர்கள். பதினாறு வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன், மேடம். தெரியாது என்று சொன்னால் தொழிலுக்கே அவமானம்.

ஞாயிறு மதியம், கல்யாண மண்டபத்தில் போட்டி. ஐரின் எனக்கு இரண்டாவது வரிசையில் இடம் பிடித்து வைத்திருந்தாள், அவள் அம்மாவுக்குப் பக்கத்தில். ஆரோக்கியம்மாள் எனக்கும் சேர்த்துத் தோசையும் வெஞ்சனமும் கட்டிக்கொண்டு வந்திருந்தார். நான் சாப்பிட்டேன். தேங்காய்ச் சட்னியில் உப்பு கொஞ்சம் தூக்கல்.

முதல் பாதியில் ஐரின் இரண்டு கோல் முன்னால் இருந்தாள். இடைவேளையில் மேடையிலிருந்து இறங்கி நேராக என்னிடம் வந்தாள். எத்தனையோ பேர் இருந்தார்கள், தப்ரேஸே இருந்தார். என்னிடம்தான் வந்தாள்.

“அண்ணே, ரொம்பச் சுடுதுண்ணே. பின்னாடி லேசா தூக்கிக்கிட்டு நிக்கிது. வேற போனு கேக்கவா?”

நான் வாங்கிப் பார்த்தேன். கையில் வைத்திருக்க முடியவில்லை. அந்த இடத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்று நீங்கள் நினைப்பது உங்கள் முகத்தில் தெரிகிறது. ஒரு வார்த்தை என்ன, நான் நிறையவே சொன்னேன்.

“கேம் போனுன்னா சுடத்தான் செய்யும். புதுப் போனு கைக்குப் பழகாது. இன்னும் ஆறு நிமிசம்தான. சார்ஜரை மட்டும் எடுத்துறாத, நடுவுல அணைஞ்சுரும்.”

“சரிண்ணே” என்று போனாள். நான் எழுந்து கடைசி வரிசைக்குப் போய்விட்டேன். முன்னால் ஃபேன் காற்று நேராக முகத்தில் அடித்தது. ஆரோக்கியம்மாளையும் கூப்பிட்டிருக்கலாம்; ஆனால் மகள் ஜெயிப்பதைப் பக்கத்திலிருந்து பார்க்கிற தாயை எழுப்புவது முறையில்லை.

இரண்டாம் பாதியின் நான்காவது நிமிடம். சத்தம் நான் எதிர்பார்த்த அளவு பெரிதாக இல்லை. புகைதான் அதிகம். வலது கையில் பெருவிரலும் அதற்கு அடுத்த விரலும் போய்விட்டன. இடது கண்ணும் போய்விட்டது என்று பிறகு ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அவளைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடியது நான்தான். நூறு பேர் பார்த்திருக்கிறார்கள், அதையும் எழுதிக்கொள்ளுங்கள். ஆட்டோவில் அவள் முனகிக்கொண்டே, “ஆட்டம் என்னாச்சுண்ணே” என்று கேட்டாள். இரண்டு கோல் முன்னால் இருக்கும்போதே நின்றுவிட்டது என்றேன். பொய் சொல்லவில்லை.

அடுத்த நாளே தப்ரேஸ் ஷோரூமுக்கு எதிரே கூட்டம் கூடியது. அவர் விற்ற போன்தானே. பேனரைக் கிழித்தார்கள். பத்து நாளில் ஷட்டரை இறக்கிவிட்டார். அவர் மனைவி இஃப்பத்தைத் தெருவில் பார்த்தால் ஜனங்கள் பேச்சை நிறுத்தினார்கள். உள்ளூர் கேபிள் டிவியில் என்னைப் பேட்டி எடுத்தார்கள். செல்போன் பாதுகாப்பு பற்றிப் பன்னிரண்டு நிமிடம் பேசினேன். சோபாக்கள் நிறைந்தன. பிள்ளைகளைப் பெற்றவர்களே கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள், இங்கே விளையாடு, போன் வேண்டாம் என்று. முகநூல் பதிவுக்கு எண்ணூறு லைக்.

நான் ஐரினை மறக்கவில்லை. இரண்டு மாதம் உட்கார்ந்து, இடது கையால் மட்டும் ஆடக்கூடிய ஒரு கன்ட்ரோலரை எனக்குத் தெரிந்த வேலைப்பாட்டில் செய்தேன். வயர் இல்லாதது. பெரிய பட்டன்கள், மடியில் வைத்து ஆடலாம். அதைக் கொடுத்தபோது ஆரோக்கியம்மாள் என் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். போனில் இப்படி ஒன்று செய்ய முடியுமா, சொல்லுங்கள்.

போன வியாழக்கிழமை தப்ரேஸ் கடைக்கு வந்தார். எரிந்துபோன போனை ஐரினிடம் கேட்டு வாங்கி, கோயம்புத்தூருக்கு அனுப்பிப் பிரித்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறார். மெலிந்துபோயிருந்தார். டீ சொல்லவா என்றேன். வேண்டாம் என்றார்.

“உள்ள இருந்த பேட்டரி அந்த மாடலோடதே இல்லண்ணே. அதைத் தொறந்தது நீங்க ஒரு ஆளுதான்னு அந்தப் புள்ள சொல்லுது. உங்களைச் சந்தேகப்பட்டுச் சொல்லல, பெருமையாச் சொல்லுது. நான் இன்னும் யார்கிட்டயும் பேசல. ஞாயித்துக்கிழமை வரைக்கும் பாப்பேன். நீங்களே போயிச் சொல்லிருங்க.”

போட்டி என்று வந்துவிட்டால் தோற்றவர்கள் காரணம் தேடுவது சகஜம். அவரை நான் மதிக்கிறேன். ஆனாலும் நான் இங்கே ஸ்டேஷனுக்கு வரவில்லை. அவர் வந்தார். இன்று காலை உங்கள் ஆட்கள் என்னை அழைத்துவந்தார்கள். மரியாதையாகத்தான் நடந்துகொண்டார்கள்.

ஆமாம், பேட்டரியை மாற்றியது நான். உப்பியது என்று தெரிந்தே மாற்றினேன். சுடுகிறது என்று அவள் கேட்டபோது ஆடு என்று சொன்னதும் நான். பொறாமையா என்று ரைட்டர் கேட்டார். அந்த வார்த்தையை எழுத வேண்டாம். எனக்கும் அந்தப் பெண்ணுக்கும் இடையில் ஒன்றுமே இல்லை. என் வழக்கு போனோடுதான். ஒரு தொழில்நுட்பக் கருத்து வேறுபாடு. கன்சோலில் அவள் எவ்வளவு நன்றாக ஆடினாலும் எனக்குச் சந்தோஷம்தான்.

நேற்றும் வந்திருந்தாள். முதல் தடவையாக அந்தக் கன்ட்ரோலரோடு என்னை ஒரு ஆட்டத்துக்குக் கூப்பிட்டாள். ஒரு கை, ஒரு கண். என் கடை, என் சோபா, என் கன்சோல். கடை நிறைய ஆள். மூன்றுக்கு இரண்டு என்று அவள் ஜெயித்தாள். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

பிறகு அந்தக் கன்ட்ரோலரைக் கையில் வாங்கிப் பார்த்தேன். சார்ஜ் சீக்கிரம் இறங்குகிறது, வைத்துவிட்டுப் போ, அடுத்த ஞாயிறு தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். அந்தப் பிள்ளை நம்பிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறது, மேடம். கையெழுத்து எங்கே போடவேண்டும் என்று சொன்னால் போட்டுவிட்டுக் கிளம்புவேன். அதில் ஒரு பேட்டரி மாற்ற வேண்டியிருக்கிறது.