இரண்டை ஒன்று என்று காட்டிய பதிப்பு

அச்சு இயந்திரங்களின் இரைச்சலை இன்று ஒரு பொழுதுக்கு அடக்கி வைத்துவிட்டு, அந்த இரைச்சலையும் மிஞ்சும் குரல்களோடு இங்கே கூடியிருக்கும் நம் அச்சகக் கூட்டுறவுச் சங்கத்தின் பொதுக்குழுவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் தலைவர் அவர்களே, நான் பேச எழுந்ததும் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்துக்கொண்ட செயலாளர் அவர்களே, எழுத்துக் கோத்துக் கோத்து எங்களையும் ஒரு வரிசையில் கோத்துவிட்ட மூத்தவர்களே, மடிப்பு மேசையின் மகாராணிகளாகிய தாய்மார்களே, மை படிந்த கையோடும் மாசு படியாத மனத்தோடும் வந்திருக்கும் தோழர்களே, மாசு கொஞ்சம் படிந்த மனத்தோடு வந்திருக்கும் மற்றவர்களே, உங்கள் அனைவருக்கும் என் அன்பு வணக்கம்.

சிரிக்கிறீர்கள். யார் சிரிக்கவில்லை என்று பார்த்து வைத்துக்கொள்கிறேன்.

என்னை உங்களுக்குத் தெரியும். மெய்ப்புத் திருத்துபவள். முகத்துக்கு நேரே அக்கா என்பீர்கள், முதுகுக்குப் பின்னால் சந்தேக அக்கா என்பீர்கள். தெரியாது என்றா நினைத்தீர்கள்? ஒற்று மிகுமா மிகாதா என்று சந்தேகப்பட்டே தலை நரைத்தவள் நான். என் கல்யாணப் பத்திரிகையை நானே மெய்ப்புப் பார்த்தேன். மாப்பிள்ளை பெயரைத் திரும்பத் திரும்பச் சரிபார்த்தேன். அவரை இன்றுவரை சரிபார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். ஆகவே நான் இங்கே வந்து யாரையும் நம்புங்கள் என்று சொல்லப்போவதில்லை. சந்தேகப்படுங்கள் என்றுதான் சொல்லப்போகிறேன். ஆனால் அரைகுறையாகச் சந்தேகப்படாதீர்கள். பாதியில் நிறுத்திய சந்தேகத்தைப் போல ஒரு மனிதனைக் கெடுப்பது வேறெதுவும் இல்லை.

இன்று நம் முன்னால் ஒரு தீர்மானம் இருக்கிறது. நம் இயந்திரங்களைப் பராமரிக்கும் தம்பியை, ஸ்பேனர் ஸ்பேனர் என்று நாம் செல்லமாகக் கூப்பிட்ட அந்தத் தம்பியை, திருடினார் என்று சொல்லிச் சங்கத்திலிருந்து நீக்க வேண்டும் என்ற தீர்மானம். நீக்கினால் வேலை போகும். போனால் இன்னொரு வேலை தேடிக்கொள்ளலாம். திருடன் என்ற பெயர் வந்தால் அது எங்கே போகும்? இந்தத் தொழிலில் எந்த அச்சகத்தின் வாசலை மிதித்தாலும் அது அவருக்கு முன்னால் போய் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும்.

தீர்மானத்தைக் கொண்டுவந்தவர் யார்? பைண்டிங் பகுதி மேஸ்திரி அண்ணன். அவர் ஸ்பேனருக்கு யார்? சொந்த மாமனார். அவருடைய மகள் அதோ, மடிப்பு மேசைப் பெண்களுக்கு நடுவில், தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறாள். தன் புருஷனுக்கு எதிராகத் தன் அப்பா கை தூக்குவதைப் பார்க்க வந்திருக்கிறாள். நான் நேற்று அண்ணனிடம் கேட்டேன். "ஏண்ணே, சங்கத்துல இத்தனை பேர் இருக்க, நீங்கதானா கெடைச்சீங்க?" என்றேன். அவர் சொன்னார்: "தங்கச்சி, மாப்பிள்ளைங்கிறதால மூடி மறைச்சான்னு நாளைக்கு ஒருத்தன் என்னைப் பாத்துச் சொல்லக் கூடாது. அதுக்குத்தான் நானே முன்னாடி வந்தேன்." சொல்லிவிட்டு அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சரி, என்ன திருடுபோனது? படம் நிறைந்த புத்தகங்களைப் பக்கம் பண்ணி அச்சுத் தகடாகிய பிளேட்டுக்கு அனுப்பப் பழைய கணினியால் முடியவில்லை என்று, அதோ மேடை ஓரத்தில் நிற்கிறதே, அந்தப் பெரிய கணினியை வாங்கினோம். இரண்டு பிராசஸர், அதாவது இரண்டு மூளை, உள்ளது என்று சொல்லி வாங்கினோம். வந்தது, வைத்தோம், வேலை கொடுத்தோம். எதிர்பார்த்த வேகத்தில் பாதிகூட இல்லை. தலைவர் திரையைப் பார்த்தார். எத்தனை பிராசஸர் என்ற இடத்தில் ஒன்று என்று இருந்தது. இரண்டு வாங்கினோம், ஒன்று இருக்கிறது, இன்னொன்று எங்கே? பெட்டியைத் திறந்து மூடும் கை யாருடைய கை? ஸ்பேனருடைய கை. முடிந்தது விசாரணை.

நடு வரிசையில் கை தூக்கும் தம்பி, என்ன? ஒரே பிராசஸருக்குள்ளேயே எட்டு இருக்கிறதாமா? அது கோர், தம்பி. ஒரு ஆளுக்கு எத்தனை விரல் என்பது அது. நாம் இப்போது விரலை எண்ணவில்லை, ஆளை எண்ணுகிறோம். இரண்டு ஆளுக்குச் சாப்பாடு போட்டுவிட்டு ஒரு ஆள் வேலையை வாங்குகிறோம், அதுதான் நம் வழக்கு.

பெட்டியைத் திறந்து பார்க்கவில்லையா என்று கேட்பீர்கள். பார்த்தோம். இரண்டு பிராசஸரும் அதனதன் இடத்தில் அழகாக உட்கார்ந்திருந்தன. அப்போதாவது விட்டோமா? விட்டால் நாம் யார்? "நல்லதைக் கழட்டி வித்துட்டு, செத்ததை வெச்சிருக்கான்" என்று ஒருவர் சொன்னார். யார் சொன்னார் என்று நான் சொல்லமாட்டேன். அவரே இப்போது சட்டைப் பொத்தானைத் தடவிக்கொண்டிருக்கிறார்.

நானும் முதலில் ஸ்பேனரைத்தான் சந்தேகப்பட்டேன். அதில் எனக்கு வெட்கமில்லை, என் பிழைப்பே அதுதான். ஆனால் நான் ஒரு வரியில் பிழை கண்டால் அடுத்த வரியையும் பார்ப்பவள். செயலாளரையும் பக்கம் வடிவமைக்கும் பெண்ணையும் சாட்சிக்கு வைத்துக்கொண்டு ஸ்பேனரைக் கூப்பிட்டேன். "செத்ததுன்னு சொல்றாங்களே, எது செத்தது? முதல் இடத்துல இதை மட்டும் தனியா வை" என்றேன். வைத்தார். கணினி ஓடியது. "இப்ப இதை எடுத்துட்டு அதை வை" என்றேன். வைத்தார். அதுவும் ஓடியது. இதுவும் உயிர், அதுவும் உயிர். இரண்டையும் சேர்த்து வைத்தால் திரை என்ன சொல்கிறது? ஒன்று என்கிறது. ஸ்பேனர் என்னைப் பார்த்தார். "அக்கா, என் கண்ணு முன்னாடி ரெண்டு இருக்கு, உங்க கண்ணு முன்னாடியும் ரெண்டு இருக்கு. இந்தத் திரை ஒண்ணுன்னு சொன்னா நான் யார்கிட்ட போய்ச் சொல்லட்டும்?" என்றார்.

அப்போதுதான், பெரியோர்களே, தாய்மார்களே, என் சந்தேகம் ஆளை விட்டு இறங்கித் திரைமேல் ஏறியது. இருவரை ஒருவர் என்று சொல்பவன் யார்? மாட்டியவனா, காட்டியவனா? கழற்றியவனா, கணக்குச் சொன்னவனா?

விற்ற கடைக்காரரைக் கேட்கலாம் என்றார் செயலாளர். விற்றவரைக் கேட்டால் விற்றவர் என்ன சொல்வார்? நம்மை யாரென்றே தெரியாத வேறொரு கடைக்குத் தொலைபேசி போட்டேன். விஷயத்தைச் சொன்னேன். அந்தக் கடைக்காரர் எடுத்த எடுப்பில் கேட்டார்: "கம்ப்யூட்டரை ஓட்டுற சாஃப்ட்வேர் எந்த எடிஷன்மா போட்டிருக்கீங்க?" எனக்கு ரோஷம் வந்துவிட்டது. அச்சகத்துக்காரியைப் பார்த்து எந்தப் பதிப்பு என்று கேட்பதா? "இருக்கறதுலேயே புதுப் பதிப்புங்க" என்றேன் கம்பீரமாக. அவர் சொன்னார்: "புதுசா பழசான்னு கேக்கலைம்மா. வீட்டுக்குப் போடற ஹோமா, தொழிலுக்குப் போடற புரோவா? ஹோம்னா அது ஒரு பிராசஸரைத்தான் எடுத்துக்கும். நீங்க ரெண்டு மாட்டினாலும் நாலு மாட்டினாலும் அது ஒண்ணுன்னுதான் சொல்லும். ரெண்டு வேணும்னா புரோ போடணும்."

கேட்டீர்களா? நமக்குப் பதிப்பு என்றால் என்ன? முதல் பதிப்பு, இரண்டாம் பதிப்பு, திருத்திய மூன்றாம் பதிப்பு. பிந்தியது என்றால் நல்லது. வாங்கிய அன்று நமக்கு விற்ற கடைக்காரர் எந்த எடிஷன் என்று கேட்டாராம். வாங்கப்போன குழு ஒரே குரலில் "எது புதுசோ அது" என்றதாம். வேறு தொழில்காரர் என்றால் அந்த இடத்தில் என்ன வித்தியாசம் என்று கேட்டிருப்பார். நமக்குத்தான் பதிப்பைப் பற்றி எல்லாம் தெரியுமே, நாம் ஏன் கேட்கிறோம்? அந்தக் குழுவில் இருந்தவர்கள் யார் யார்? தலைவர் இருந்தார். செயலாளர் இருந்தார். மேஸ்திரி அண்ணனும் இருந்தார். ஸ்பேனர் இல்லை, அவரை யாரும் கூப்பிடவில்லை.

அதோ பின்னாலிருந்து ஒரு குரல் வருகிறது. "அதையெல்லாம் நாங்க எப்படி நம்பறது?" நல்ல கேள்வி. என் பிள்ளைகள் நீங்கள். நம்பாதீர்கள். அதற்காகத்தான் கணினியை மேடைக்குத் தூக்கிவரச் சொன்னேன். அதன் திரை இந்தச் சுவரில் எல்லாருக்கும் பெரிதாகத் தெரிகிறது. படியுங்கள். பிராசஸர்: ஒன்று. உள்ளே இரண்டு இருப்பதைப் பக்கத் தகட்டைக் கழற்றி முன்வரிசைக்காரர்கள் பார்த்துவிட்டார்கள். நேற்றிலிருந்து பெட்டி செயலாளர் அறையில் பூட்டிக் கிடந்தது, சாவி தலைவர் பையில் கிடந்தது. ஸ்பேனர் மேடைப் பக்கமே வரவில்லை. அதோ கடைசி வரிசையில், இரண்டு பக்கமும் பைண்டிங் ஆட்கள் இடிக்க உட்கார்ந்திருக்கிறார். புரோ பதிப்புக்கான எண் இந்தக் காகிதத்தில் இருக்கிறது. ரசீதைச் செயலாளரிடம் கொடுத்துவிட்டேன். இல்லாவிட்டால் அதற்கு ஒரு தீர்மானம் வரும். அந்த எண்ணைத் தட்டப்போவது நான் அல்ல. தலைவர் அவர்களே, எழுந்து வாருங்கள். உங்கள் கையாலேயே தட்டுங்கள்.

தலைவர் ஒவ்வொரு எழுத்தையும் தேடித் தேடித் தட்டுகிறார். வயதுதான் காரணம் என்று நினைத்துக்கொள்கிறேன்.

தட்டிவிட்டார். அணைந்து எழும் வரை கொஞ்ச நேரம் ஆகும். அதுவரை என்னைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாமும் மலிவுப் பதிப்பு போடுகிறோம். அட்டை மெலிதாக இருக்கும், தாள் மங்கலாக இருக்கும், தைப்பதற்குப் பதில் ஒட்டியிருப்போம். ஆனால் ஏழை வாங்குகிறான் என்பதற்காகக் கடைசி அத்தியாயத்தைக் கிழித்துவிட்டா விற்கிறோம்? இங்கே கவனியுங்கள். தலைவர் தட்டியது வெறும் எண். புதிதாக ஒரு பொருளை யாரும் உள்ளே வைக்கவில்லை. அப்படியானால் இரண்டாவதைப் பார்க்கும் கண் முதலிலிருந்தே அதற்குள் இருந்தது, திறக்காமல் வைத்திருந்தார்கள். முழுப் புத்தகத்தையும் அச்சடித்து, பின்பாதியைச் சேர்த்துத் தைத்து மூடி, பிரிப்பதற்குத் தனி விலை கேட்பதைப் போன்றது இது. அவர்கள் வியாபாரம், அவர்கள் விருப்பம். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். "எனக்குத் தெரிவது ஒன்று, உள்ளே வேறு இருக்கலாம்" என்று ஒரு வரி எழுதக் கூடாதா? ஒன்று என்றே அடித்துச் சொல்கிறதே, அந்தத் தைரியத்தைத்தான் நான் சந்தேகப்படுகிறேன். நம் கடைக்காரருக்கு இது தெரிந்திருந்ததா? அந்தச் சந்தேகமும் எனக்கு அப்படியே இருக்கிறது. நாளைக்கு நேரில் போகிறேன்.

நம் கதைக்கு வருவோம். திரை புதிதாக வந்தது. ஸ்பேனர் நம்மோடு வளர்ந்தவர். கட்டிங் இயந்திரத்தில் என் விரல் மாட்ட இருந்தபோது ஓடிவந்து இழுத்துவிட்டவர். உங்கள் ஒவ்வொருவருக்கும் அவரால் நின்றுபோகாத ஒரு வேலை இருக்கிறது. அவர் இரண்டு என்றார், திரை ஒன்று என்றது. நாம் யாரை நம்பினோம்? ஏன் நம்பினோம்? திரைக்கு முகம் இல்லை என்பதாலா? முகம் இல்லாதது பொய் சொல்லாது என்று நமக்கு யார் சொன்னது? ஆளைச் சந்தேகப்படத் தெரிந்த நமக்கு அளவுகோலைச் சந்தேகப்படத் தெரியாமல் போனதே, அது எப்படி?

இருங்கள். வந்துவிட்டது. தலைவர் அவர்களே, அந்த இடத்தைத் திறந்து காட்டுங்கள்.

படியுங்கள். எனக்குக் கண்ணாடி பனித்திருக்கிறது, நீங்களே படியுங்கள். சத்தமாகப் படியுங்கள்.

பிராசஸர்: இரண்டு.

கைதட்டாதீர்கள். தயவுசெய்து கைதட்டாதீர்கள், இன்னும் முடியவில்லை. மேஸ்திரி அண்ணன் எழுந்து நிற்கிறார். சொல்லுங்கள் அண்ணே. "தீர்மானத்தை வாபஸ் வாங்கிக்கிறேன்" என்கிறார். எல்லாருக்கும் கேட்டதா?

அண்ணே, உங்கள் தங்கச்சி சொல்கிறேன், வாபஸ் வாங்காதீர்கள்.

ஏன் என்கிறீர்களா? வாபஸ் வாங்கினால் குறிப்பேட்டில் என்ன எழுதுவார்கள்? "தீர்மானம் திரும்பப் பெறப்பட்டது." அவ்வளவுதான். அந்த வரியை இன்னொரு நாள் இன்னொருவன் படிப்பான். "மாமனார் கொண்டுவந்தாரு, மாமனாரே எடுத்துக்கிட்டாரு, குடும்பத்துக்குள்ள ஏதோ பேசி முடிச்சிட்டாங்க" என்பான். நான் மெய்ப்புப் பார்ப்பவள் அண்ணே, ஒரு வரியை எப்படியெல்லாம் தப்பாகப் படிப்பார்கள் என்று எனக்குத் தெரியும். திரும்பப் பெற்ற குற்றச்சாட்டு செத்துப்போன குற்றச்சாட்டு ஆகாது. அது எங்கேயாவது ஒண்டிக்கொண்டு காத்திருக்கும். அதனால் தீர்மானம் இருக்கட்டும். வாக்கெடுப்பு நடக்கட்டும். இந்த மன்றம் அதை எல்லார் கண் முன்னாலும் தோற்கடிக்கட்டும். இத்தனை பேரும் கை தூக்கி, இந்த மனிதர் திருடவில்லை என்று சொல்லட்டும். அவர் மனைவி அதை நிமிர்ந்து பார்க்கட்டும்.

தலைவர் தலையசைக்கிறார். தீர்மானத்தை எதிர்ப்பவர்கள் கை உயர்த்தலாம் என்கிறார்.

முதல் கை மேஸ்திரி அண்ணனுடையது. கூட்டம் முழுவதும் பாருங்கள், அவர் கொண்டுவந்த தீர்மானத்துக்கு எதிராக முதல் கை அவருடையது. மடிப்பு மேசையில் எல்லாக் கைகளும். சட்டைப் பொத்தானைத் தடவிக்கொண்டிருந்தவரே, உங்கள் கையும் மேலே வந்துவிட்டது, நன்றி. யாரும் கீழே போடாதீர்கள். செயலாளர் ஒவ்வொரு கையாக எண்ணி முடிக்கட்டும். அவர் எண்ணிய பிறகு நான் ஒருமுறை எண்ணுவேன்.

இவ்வளவு நேரம் என் சந்தேகங்களைச் சகித்துக்கொண்ட தலைவருக்கும், கடிகாரத்தைப் பார்ப்பதை இடையில் மறந்துபோன செயலாளருக்கும், தாய்மார்களுக்கும் தோழர்களுக்கும் என் நன்றி. கும்பிட்டு விடைபெறுவதுதான் மரியாதை. ஆனால் கும்பிட இரண்டு கை வேண்டும், என் வலது கையை எண்ணி முடிக்கும்வரை நான் இறக்கப்போவதில்லை. ஆகவே இந்த இடது கையை நெஞ்சில் வைத்துச் சொல்கிறேன், வணக்கம்.