தோள் பக்கத்துச் சூடு

விண்கலத்தின் வரைபடத்தில் என் பெயரையும் போடுங்கள் என்று கேட்டேன். அதை மட்டும் கேட்டுவிடாதே என்று அம்மா சொல்லித்தான் அனுப்பியிருந்தாள். "வேலை குடுத்ததே பெருசுடி. வாயக் குடுத்து மாட்டிக்காத." எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். அவள் பயம் அவளுக்கு.

துறைத்தலைவர் சிரித்தார். "நேத்து முளைச்சவ நீ. பேரு எதுக்கும்மா? சம்பளம் வருதுல்ல?"

விண்கலம் ஊசிபோல் இருக்கும் என்று நினைப்பீர்கள். ஊசி எரிந்துவிடும். காற்றுமண்டலத்துக்குள் திரும்பி வருகிற கலத்துக்கு மொட்டை முகம்தான் வேண்டும். அது காற்றை முட்டித் தள்ளி, நெருப்பைத் தள்ளியே நிறுத்தும். அந்த முகத்தின் ஒவ்வொரு வளைவும் நான் போட்டது. வரைபடத்தில் அவர் பெயர் வந்தது.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. கலம் இறங்குமுன், வரைபடத்தில் பெயர் உள்ளவர்கள் மட்டும் "சம்மதம்" அல்லது "நிறுத்து" என்பார்கள். மற்றவர்கள் பின்வரிசையில் வாயை மூடிக்கொண்டு உட்கார வேண்டும். நல்ல வழக்கம். நான் மீறவில்லை.

அன்று காலை, கலத்துக்குள்ளிருந்து வந்த படத்தைப் பார்த்தேன். மேலே கலத்தில் இருந்த வீரர்கள் மூவரும் சோதனைப் பெட்டிகளை ஒரே பக்கமாகக் கட்டியிருந்தார்கள். எடை ஒதுங்கினால் கலம் அதிகம் சாயும். சாய்ந்தால் நெருப்பு முகத்தை விட்டு, முகமும் பக்கச்சுவரும் சேரும் தோளில் பாயும். அங்கே கவசம் மெல்லியது. கணக்குப் போட்டேன், மறுபடி போட்டாலும் அதே விடை. பாதிப் பெட்டிகளை மறுபக்கம் மாற்றிக் கட்டினால் போதும். சின்ன வேலை.

மூவரில் ஒருத்தி என்னோடு பழகியவள். பயிற்சியின்போது கவசத்தைத் தட்டி, "தாங்குமாடி தங்கச்சி?" என்பாள். "என்னை நம்பி ஏறுக்கா" என்பேன்.

இறங்குமுன் ஒலிபெருக்கியில் அவள் குரல் வந்தது. "பெட்டியெல்லாம் இப்படியே இருக்கலாமா? தங்கச்சிகிட்ட ஒரு வார்த்தை கேளுங்க."

தலைவர் திரும்பி என்னைப் பார்த்தார், முதல் முறையாக. "என்னம்மா, ஏதாவது சொல்லணுமா?"

"நான் யாரு சார் சொல்ல? உங்க பேருதானே இருக்கு."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அவரும் சிரித்துவிட்டு, "சம்மதம்" என்றார்.

"அப்போ சரி. கீழ பாக்கலாம்டி" என்றாள் அக்கா.

பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன். என் முடிவு காலையிலேயே எடுத்தாகிவிட்டது. நான் யாருக்கும் எந்தக் கெடுதலும் செய்யவில்லை. ஒரு திருகைக்கூடத் தொடவில்லை. உள்ளே முக்கியமான வேலை நடக்கிறதே என்று, சத்தம் வராமல் கதவைச் சாத்திவிட்டு வெளியே நடந்தேன்.