ஷேடு மாறிய இரண்டாம் பதிப்பு

மெஹ்ஜபின்: ...அதெல்லாம் கெடக்கட்டுங்க. உடுமலை காலேஜ் லைப்ரரில நான் எழுதுன கதைப் புத்தகம் ஒன்னு கேக்கறாங்க. முதல் பதிப்புதான் வேணுமாம். எடுங்க.

சலாவுதீன்: அதான் நூறும் வித்துப் போச்சேம்மா! இந்தா, ரெண்டாம் பதிப்பு. நம்ம லேபிள் பிரஸ்லயே போட்டது.

மெஹ்ஜபின்: 'இரண்டாம் பதிப்பு'ன்னு அடிச்சிருக்கற தாளு மட்டும் ஷேடு வேறயா இருக்குதுங்களே?

சலாவுதீன்: அது... ட்யூப்லைட்டு வெளிச்சம்.

மெஹ்ஜபின்: பன்னெண்டு வருசமா பனியன் துணி செக்கிங் பாக்கற பொண்டாட்டிகிட்டயா? ஒரே ரோல்ல ரெண்டு வெள்ளை வந்தாலே தூக்கி ஓரமா வெச்சுருவேன்.

சலாவுதீன்: பேப்பரு வேற லாட்டும்மா.

மெஹ்ஜபின்: செரி. ஓரத்துல பசை?

சலாவுதீன்: பசையா?... பைண்டிங்ல ஒழுகியிருக்கும்.

மெஹ்ஜபின்: நாப்பதாம் பக்கத்தத் தலைகீழா அடிச்சீங்க. அடுத்த பதிப்புல சரி பண்ணிர்றேன்னீங்க. இன்னும் தலைகீழாத்தான நிக்குது?

சலாவுதீன்: படிக்கறவங்களுக்கு அப்படியே பழகிப் போச்சு.

மெஹ்ஜபின்: யாருக்குங்க? ஒரே ஒருத்தரு பேரச் சொல்லுங்க.

சலாவுதீன்: இரும்மா, கண்ணாடிய எங்கயோ வெச்சுட்டேன்.

மெஹ்ஜபின்: பாருங்க, காதெல்லாம் செவந்துருச்சு.

சலாவுதீன்: ஒன்னுகூட விக்கலம்மா. புத்தகக் கடைக்காரரு நூறையும் அப்படியே திருப்பி அனுப்பிட்டாரு. நீ வேற, ஒருத்தரும் படிக்கலைன்னா இனி பேனாவே தொடமாட்டேன்னுட்டே. எனக்கு மனசே ஆறல. முன்தாள வெட்டிட்டு, புதுசா அடிச்சு ஒட்டிட்டேன்.

மெஹ்ஜபின்: அப்ப இது அத்தனையும்...

சலாவுதீன்: முதல் பதிப்புதான்.

மெஹ்ஜபின்: நூறையும் ஒத்தையாளா ஒட்டுனீங்களாக்கும்?

சலாவுதீன்: எங்க! அறுவதுலயே இடுப்பு போயிருச்சு. நெருப்பெரிச்சல் ஊருக்குப் போயி லேபிள் குடுத்துட்டு வந்து பாத்தா, மிச்சம் நாப்பதும் ஒட்டி அடுக்கியிருக்குது. மெஷின் ஓட்டற கலீல் பாய் தங்கமான மனுசன். அவரும் சொல்லல, நானும் கேக்கல.

மெஹ்ஜபின்: ம்ம்... தங்கமான மனுசன்தான்.

சலாவுதீன்: கோவமா மெஹரு? ரெண்டாவது புத்தகம் எழுதி முடிச்சுட்டே... அதைக் கிழிச்சுப் போட்றாதம்மா.

மெஹ்ஜபின்: கலீல் பாய் அன்னைக்கு லீவுங்க. எனக்காக இடுப்பொடியப் பொய் சொல்ற மனுசன் ஒருத்தரு படிச்சாப் போதும்னு நெனச்சுக்கிட்டே, அந்த நாப்பதையும் நாந்தான் ஒட்டுனேன்.